மூடாத தொட்டி

பங்குனி, திங்கட்கிழமை. தோட்டத்துத் தொட்டியில் முந்தின மாலை ஏழு மீன்கள் இருந்தன. காலையில் ஐந்து. விளிம்பில் ஆரஞ்சு நிறச் செதில் ஒன்று.

புதன்கிழமை. நான்கு. தொட்டியருகே ஈர மண்ணில் பறவையின் கால்தடம். முன்னே மூன்று விரல், பின்னே ஒன்று.

வெள்ளிக்கிழமை. மூன்று. பறவையை நேரில் கண்டேன். சாம்பல் நாரை. கதவைத் திறந்ததும் எழுந்து ஆனைக்குட்டம் அணைப் பக்கமாகப் பறந்தது.

குறிப்பு அத்துடன் நிற்கிறது. கல்லூரியில் வேதியியல் கற்பித்த ஆண்டுகளில் ஆய்வுக்கூடத்தில் இப்படித்தான் எழுதப் பழகியிருந்தேன்: கண்டதை மட்டும், கருதியதை அல்ல. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவ்விரண்டையும் பிரித்தறிய என்னால் இயலவில்லை. முற்றத்தில் துணி அசைந்தாலும் அது சிறகாகத் தெரிந்தது.

மீன்கள் என் மனைவியுடையவை. சென்ற சித்திரையில் அவள் இறந்தாள். காரியங்கள் முடிந்து புனேக்குத் திரும்பிய மகள், தாயின் சேலைகளையோ நகைகளையோ பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டோவில் ஏறும்போது ஒன்றை மட்டும் கேட்டாள்: “வருசத் திதிக்கு வர்றப்ப அம்மா மீனைப் பாக்கணும்ப்பா. அதுவரைக்கும் பத்திரமா வச்சிருங்க.” வைத்திருக்கிறேன் என்றேன். ஏறத்தாழ ஓராண்டு அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன்.

அந்தத் தொட்டிக்கு மேல் ஒரு வலையை விரித்திருந்தால் போதும். ஏன் விரிக்கவில்லை என்பதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கடினம். மனைவி பட்டாசுத் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவள். ஆலைகளில் அறைகளின் வாசலில் தண்ணீர்த் தொட்டி இருக்கும். அதற்கு மூடி போட அவள் வீட்டார் விட்டதில்லை. தீ என்று வந்தபின் மூடியைத் தூக்க யாருக்கும் நேரமிருக்காது. திருத்தங்கலில் நாங்கள் வீடு கட்டியபோது சமையலறை அலமாரிக்கு முன்பே அவள் கட்டச் சொன்னது இந்தத் தொட்டியைத்தான். திறந்த தண்ணீரில் கொசு வந்தது. கொசுவுக்காக மீன் வந்தது. விருதுநகரில் வாங்கிய கலர் மீன்களைப் பாலிதீன் பையில் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். மருத்துவமனைக்குக் கிளம்பும்போதும், “நான் இல்லைன்னு தொட்டிய மூடிராதீக,” என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள்.

ஒருபுறம் அவள் சொன்னது, மறுபுறம் மகளுக்கு நான் சொன்னது. இரண்டுக்கும் நடுவே அந்தப் பறவை நின்றது.

கோடையில் அணை வற்றியதால் அது ஊருக்குள் வந்திருக்க வேண்டும். என்னைத் தவிர அதைக் கவனித்தவர் பக்கத்து வீட்டு பாய். மிளகாய் வற்றல் வியாபாரத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஓய்வாக இருப்பவர்.

“சார், காலைல உங்க தொட்டிக்கிட்ட ஒருத்தர் நின்னாரு. கழுத்த உள்ள இழுத்துக்கிட்டு, சாம்பக் கலர்ல, அசையவே இல்ல. நீங்கதான்னு நினைச்சு சலாம் வச்சுட்டேன்.”

“பதில் சலாம் வச்சுதா?”

“எங்க வச்சாரு. உங்கள மாதிரியே ஒரு பார்வை பாத்துட்டு மறுபடி குனிஞ்சுக்கிட்டாரு. ஒரு வலையப் போடுங்க சார். அம்புட்டுதான வேலை?”

சனிக்கிழமை வலை வாங்கி விரித்தேன். நான்கு மூலையிலும் செங்கல் வைத்தேன். மறுநாள் நாரை மதில்மேல் வந்து நின்றது. நான் ஜன்னலருகே நின்றேன். அதன் மஞ்சள் கண் என்னைப் பொருட்படுத்தவில்லை. வலையின் ஓரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. அவசரமே இல்லாத அந்தப் பார்வையை மருத்துவமனையில் கழிந்த வாரங்களில் நான் ஏற்கெனவே அறிந்திருந்தேன். எதன் பார்வை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

மூன்று மீன்களும் அடியில் ஒண்டிக் கிடந்தன. தீனிக்கும் மேலே வரவில்லை.

திங்கட்கிழமை பிற்பகல் அந்தச் சத்தம் கேட்டது. பட்டாசுச் சரம் கொளுத்திப் பார்க்கும் சத்தத்துக்கு எங்கள் ஊரில் யாரும் தலை தூக்குவதில்லை. இது வேறு. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது; பிறகு தெரு முழுவதும் பேச்சு நின்றது. நான் என்ன செய்தேன் என்பது செய்து முடித்த பிறகே எனக்குத் தெரிந்தது. செங்கற்களைக் காலால் தள்ளி, வலையை உருவி எறிந்து, வாளியில் நீர் மொண்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வடக்கே தொலைவில் வெண்புகை எழுந்தது.

“வாளியோட எங்க கிளம்பிட்டீக சார்? அது எங்கிட்டோ தூரத்துல,” என்றபடி பாய் வந்தார். அவர் குரலில் வழக்கமான கேலி இருந்தது, முகத்தில் இல்லை. காதில் போன் இருந்தது. “மவன் அந்தப் பக்கந்தான் லோடு எடுக்கப் போயிருக்கான். மணி அடிக்கி. எடுக்க மாட்டேங்கான்.”

வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி உள்ளே ஓதிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் நாற்காலியில் எதிரெதிரே அமர்ந்து போனைப் பார்த்தபடி இருந்தோம். ஆம்புலன்சுகள் போகும் ஒலி கேட்டுக்கொண்டேயிருந்தது. விளக்கேற்றும் வேளையில் போன் ஒலித்தது. பாய் அதை எடுக்காமல் என்னிடம் நீட்டினார். “நீங்க கேளுங்க சார்.”

“போலீஸ் ரோட்ட மறிச்சுட்டாக சார். போனை வண்டிலயே வச்சுட்டு இறங்கிட்டேன். அத்தாட்ட சொல்லிருங்க, வைய வேணாம்னு,” என்றான் மகன். செய்தியைச் சொன்னதும் பாய் அவனை வாய் ஓயும்வரை வைதார். பிறகு தேநீர் வந்தது. வீடு திரும்பிக் கதவைத் தாழிட்டுப் படுத்தேன். வலையின் நினைவே எழவில்லை.

மறுநாள் காலை தொட்டியில் ஒன்றும் இல்லை. விளிம்பில் செதில்கூட இல்லை. வலை கொய்யா மரத்தடியில் சுருண்டு கிடந்தது. நாரை வரவில்லை, வர வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

அன்றைய செய்தித்தாளில் பட்டாசு ஆலை வெடிப்பில் இறந்தவர்களின் பெயர்கள் இருந்தன. பெரும்பாலும் பெண்கள். அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் மூன்று மீன்களை வைத்துப் பேச எனக்கு நா எழவில்லை. ஆனால் மகள் வழக்கம்போல ஞாயிறன்று அழைத்தாள். விபத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு, “மீன் எப்படிப்பா இருக்கு?” என்றாள்.

“தண்ணி நல்லா இருக்கும்மா,” என்றேன்.

திதிக்கு வர டிக்கெட் போட்டுவிட்டதாகச் சொன்னாள். அதிலிருந்து போன் ஒலித்தால், எடுக்குமுன் யார் என்று பார்க்கிறேன்.

செய்ய வேண்டியவை, இன்றுவரை செய்யாதவை:

திதி நாளைப் புரோகிதரிடம் உறுதி செய்வது.

மகள் தங்கும் அறையை ஒழிப்பது.

மீதமுள்ள மீன் தீனியை யாருக்காவது கொடுப்பது.

அவள் ரயில் ஏறுமுன் சொல்லிவிடுவது.