நசியப் பலகையிலிருந்து எழுந்தேன்

நசியத்துக்குப் போகலாமா, எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் சிலர் கேட்டதால் எழுதுகிறேன். மூக்கில் மருந்து எண்ணெய் விட்டுத் தலைநோயை இறக்கும் வைத்தியம் அது. நான் ஐந்தாவது வரைதான் படித்தவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனது எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு வைகாசியில். அந்த மாசியில்தான் எங்கள் மூத்த பெண் தனம் காய்ச்சலில் போனாள். ஆறு வயது. அன்றிலிருந்து எனக்கு இடது பக்கத் தலைவலி. வெயிலைப் பார்த்தால் வாந்தி வரும், களை வெட்டக் குனிய முடியாது.

செந்துறையில் விடிகாலை ஐந்தரை மணிக்கு பஸ். அரியலூர் பதினெட்டு கிலோமீட்டர், அங்கிருந்து பெரம்பலூர் முப்பது இருக்கும். பெரம்பலூரில் மாறி செட்டிகுளம் பக்கம் போக வேண்டும். வைத்தியர் வீடு ரோட்டோரம்தான்.

பெரம்பலூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் அவரிடமே மூக்கடைப்புக்குப் பார்த்தவள். சாப்பிட்டிருந்தாலும் தலைக்குக் குளித்திருந்தாலும் ஊற்றமாட்டார் என்றாள். "வூட்டுல சாவு வுழுந்திருந்தா கிட்டவே சேக்க மாட்டாரு" என்றும் சொன்னாள். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அங்கே ஆண்களும் பெண்களும் ஒரே கூடத்தில். முகத்தில் எண்ணெய் தேய்த்து, சுடுதுணி ஒற்றி, பலகையில் தலை பின்னால் தொங்கப் படுக்கவைத்தார்கள். அதுவே எனக்குக் கூச்சமாக இருந்தது. வைத்தியர் கிண்ணத்தோடு வந்து குனிந்தார்.

"வூட்டுல துக்கம் ஏதும் இருக்கா?"

"அப்படி ஒண்ணும் இல்லீங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது.

"இருக்குங்க. எம்பொண்ணு செத்து மூணு மாசம் ஆவுது."

வரிசையில் இருந்த ஒருவர், "பொண்டாட்டியக் கலந்துக்காம பொய் சொல்லலாமாய்யா" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். இவர் தலை குனிந்து நின்றார். வைத்தியர் கோபப்படவில்லை. "அழுவுற உடம்புக்கு இது ஆகாதும்மா. மனசு ஆறட்டும், வாங்க" என்று கிண்ணத்தை மூடினார். எண்ணெய் முகத்தோடு அத்தனை பேர் நடுவில் வெளியே வந்தேன்.

பெற்ற பிள்ளையை இல்லை என்று சொல்ல இவருக்கு எப்படி வாய் வந்தது? வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இடம் இருந்தும் அவர் உட்காரவில்லை. அரியலூரில் டீ வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"பாப்பாவத்தான் காப்பாத்த முடியல. உன் வலியாச்சும் போவட்டும்னு பாத்தேன்."

டீ ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தேன். செந்துறை பஸ் வந்ததும் ஏறினோம்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். வெறும் வயிற்றோடு போங்கள், தலைக்குக் குளிக்காதீர்கள், பழைய துண்டு ஒன்று வேண்டும். துக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். கூட வருகிறவர் எப்படி இருக்கிறார் என்று வீட்டிலேயே கேட்டுவிடுங்கள். மூன்று மாதமாக அவரை நான் அப்படி ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.