தரையில் வரையாத பையன்

என் அக்கா பிடித்தால் விடமாட்டாள். கட்டடத்துக்குள்ளே அமைக்கும் நீர்ப் பூங்காக்களுக்குப் பாறை, குகை, கடல் எல்லாம் செய்துகொடுப்பது எங்கள் தொழில். சிமெண்டு வேலை என்னுடையது, வண்ணம் அவளுடையது. எதைக் கேட்டாலும் வரைவாள், குளத்தின் தரையில் மட்டும் தூரிகை வைக்கமாட்டாள்.

"கடல்னு சொல்லிட்டு அடியில வெறும் வெள்ளையா? ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்மா," என்றார் ஒரு பூங்காவின் முதலாளி.

"இருக்கட்டும் சார். அடியில ஒருத்தர் கிடந்தா பளிச்சுன்னு தெரியணும்."

சின்ன வயதில் நாங்கள் போன குளத்தின் தரை முழுக்க டால்பின்கள். "ஒரு பையனையும் வரைஞ்சிருக்கான், எவ்வளவு தத்ரூபம் பாரு," என்று அப்பா விரல் நீட்டிக் காட்டினார். அது எங்கள் தம்பி.

முதலாளி ஒருவழியாக இறங்கி வந்தார். கடலைக் கூரைக்கு ஏற்றினோம். குளோரின் ஆவி போய் அடைவது அங்கேதான், சாதாரண பெயிண்ட் உரிந்து தொங்கிவிடும். அதனால் அக்கா குளோரின் தாங்கும் எபாக்ஸி பெயிண்டில் வரைந்தாள். மீன்களுக்கு நடுவே, என்னிடம்கூடச் சொல்லாமல், நீந்துகிற ஒரு பையன். சாரத்தில் ஏறிப் பார்த்தேன். புருவத்துத் தழும்பு உட்பட தம்பியேதான்.

தண்ணீர் நிரப்பிய அன்று அலை இயந்திரத்தை இன்னும் ஓடவிடவில்லை. தண்ணீர் அசையாமல் நின்றது. திடீரென்று லைஃப்கார்டு விசிலை ஊதிவிட்டுக் குதித்தார். வெறுங்கையோடு மேலே வந்தார்.

"அடியில ஒரு பையன் கிடந்தான். சத்தியமா பார்த்தேன்."

கூரையில் இருந்தவன் தண்ணீரில் தெரிந்திருக்கிறான். அக்கா அன்றே அவன்மேல் வெள்ளை அடித்தாள். தேய்க்காத எபாக்ஸிமேல் எந்தப் பெயிண்டும் நிற்காது, அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

"உப்புத்தாள் போடலையாக்கா?"

"வேண்டாம்டி."

பூங்கா திறந்து கூட்டம் அலைமோதியது. அக்கா அடிக்கடி டிக்கெட் வாங்கிக்கொண்டு போவாள். காலைக்கூட நனைக்காமல், கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு வருவாள். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

பிறகு லைஃப்கார்டு அக்காவுக்குப் போன் செய்தார். "வெள்ளை உரிஞ்சு அவன் மறுபடி தெரியுறான்மா. காலையில அலை ஓடுறதுக்கு முன்னாடி தினம் அங்கதான் கிடக்கான். முதல்ல குதிச்சேன், இப்போ குதிக்கிறதில்ல. நாளைக்கு நிஜமாவே ஒருத்தன் கிடந்தா, படம்தானேன்னு விட்டுடுவேனோன்னு பயமா இருக்கு."

அக்கா போனை வைத்தாள். உப்புத்தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சாரத்தில் மல்லாந்து படுத்து, பாதத்திலிருந்து தேய்த்துக்கொண்டு வந்தாள். கழுத்து வந்ததும் கை நின்றுவிட்டது.

"முகத்த நீ தேய்டி. என்னால முடியல."

தேய்த்தேன். தம்பியின் தூள் எங்கள் இருவர்மேலும் உதிர்ந்தது.