மருந்தடித்த காட்டை மறித்து நின்ற எஸ்தர் அக்கா

போடிமெட்டு வளைவுகளில் ஜீப் ஏறிக்கொண்டிருந்தபோதுதான் எஸ்தர் அக்கா இறந்த செய்தி வந்தது. என் பக்கத்தில் இருந்து போனை எடுத்த செல்வி, "அக்கா போயிருச்சுடி" என்று கதறினாள். டிரைவர் வண்டியை நிறுத்தவில்லை. நேரத்துக்குப் போகாவிட்டால் தோட்டத்துக்குள் விடமாட்டார்கள் என்றார். அழுதுகொண்டே போய் ஏலக்காய் எடுத்தோம். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

வண்டன்மேட்டுத் தோட்டங்களில் அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கு அவருடைய வாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. செடியடியில் குத்தவைத்து ஏலக்காய்ச் சரத்தில் கைவைத்தால் விளைந்த காயை மட்டும்தான் எடுப்பார். வாயில் வரும் வார்த்தைக்கு அப்படிப் பார்த்து எடுக்கும் வழக்கமெல்லாம் கிடையாது.

முன்பெல்லாம் சீசனுக்கு மலையேறி, தோட்டத்து லயக் குடியிருப்பிலேயே தங்கினோம். பிறகு தினமும் ஜீப்பில் போய்வந்தோம். கீழேயிருந்து இளவட்டங்கள் வருவது குறைந்ததும், ஜார்க்கண்டிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். வடக்கேயிருந்து யார் வந்தாலும் எங்கள் வாயில் வங்காளிதான். "வங்காளிங்க வந்து நம்ம பொழப்பக் கெடுக்குறாங்க" என்று எங்களில் சிலர் முணுமுணுத்தபோது அக்கா சீறினார். "நாம ஏறி வந்தப்ப மலையாளத்துக்காரங்க நம்மளயும் பாண்டின்னுதான எளக்காரமாச் சொன்னாங்க? அன்னிக்கு வலிச்சுச்சுல்ல?"

பூச்சிமருந்து அடித்த காட்டின் ஓரத்தில் கம்பு நட்டு ஒரு சிவப்புத் துணி கட்டுவது எங்கள் தோட்டத்து வழக்கம். அதைப் பார்த்தால் நாங்கள் உள்ளே போகமாட்டோம். ஒருநாள் பக்கத்துக் காட்டில் கூச்சல் கேட்டு ஓடினோம். ஜார்க்கண்டுப் பெண் பூல்மணி வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தாள். துணியைப் பார்த்தும் ஏன் போனாய் என்று அக்கா சைகையில் கேட்டார். அவள் கைகூப்பிக் காட்டினாள். கூட வந்தவர்கள் அரைகுறைத் தமிழில் விளக்கினார்கள், அவர்கள் ஊரில் அப்படிக் கொடி பறந்தால் சாமி இருக்கும் இடமாம். கும்பிட்டுவிட்டுத்தான் எல்லோரும் உள்ளே போயிருக்கிறார்கள்.

அவர்கள் துணியைச் சாமியென்று கும்பிடுவது சூப்பர்வைசருக்குத் தெரியும். பார்த்துக்கொண்டே அனுப்பியிருக்கிறார். "சாமி கும்பிட்டுத்தான போனாங்க, ஒண்ணும் ஆவாது" என்று சிரித்தார். அக்கா காட்டு வழியை மறித்து நின்றார். "ஒம் பொண்டாட்டி புள்ளையக் கூட்டிட்டு வந்து உள்ள விடு. பொறகு இவுக போவாக" என்றார். நாங்களும் கூடையைக் கீழே வைத்தோம். அன்று யாரும் உள்ளே போகவில்லை. மறுநாளிலிருந்து அக்காவுக்கு வேலை இல்லை. அதற்கும் அவர் அசரவில்லை. "மூச்சு விடுறதுக்குத்தான வேலைக்கு வர்றோம்" என்றார்.

அந்த மூச்சுதான் கடைசியில் அவருக்கு நின்றுபோனது. வயதாகிவிட்டது என்கிறார்கள். எத்தனையோ வருஷம் மருந்து வாடையை இழுத்த நெஞ்சு அது. வயதின் மேல் பழி போட்டுவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை, எவ்வளவு வசதி! அடக்கத்துக்கு அதே சூப்பர்வைசர் மாலையோடு வந்தார். "எங்க குடும்பத்துல ஒருத்தி" என்று தழுதழுத்தார். அந்த மாலையைப் பெட்டியின் மேலிருந்து எடுத்து வெளியே வைத்தவள் நான்தான். இதைப் படிக்கிறவர்கள் தாராளமாகப் போய் அவரிடம் சொல்லலாம்.

அடக்கம் முடிந்து மறுநாள் வேலைக்குப் போனோம். முந்தின நாள் மருந்தடித்த காட்டுக்குள் போகச் சொன்னார் சூப்பர்வைசர். நாங்கள் அசையவில்லை. "எஸ்தரும் போயாச்சு. இனி யாரு கேக்கப்போறா?" என்றார்.

கூட்டத்திலிருந்து பூல்மணி முன்னால் வந்தாள். "நான் கேக்குது" என்றாள்.

அக்காவின் பொறுமையைப் பற்றி அஞ்சலியாக நாலு வரி எழுதச் சொன்னார்கள். அது அவரிடம் இருந்ததே இல்லை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது கோபம் மட்டும்தான். அதை எடுத்துக்கொண்டுதான் அன்று பூல்மணியின் பக்கத்தில் போய் நின்றேன்.