ஜூனில் பிறந்தவர்கள்

திருப்பரங்குன்றத்து ஜெராக்ஸ் கடையில் இரண்டு தாள்களை அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஒன்று பையனின் பள்ளிச் சான்றிதழ். இன்னொன்று அவனுடைய பழைய தடுப்பூசி அட்டை. சான்றிதழில் பிறந்தது ஜூன். அட்டையில் அடுத்த ஜனவரி.

டியூஷனில் கூடப் படித்தவனைக் குத்திக் கொன்ற பையன். அவன் தரப்பு வக்கீலிடம் நான் ஜூனியராகச் சேர்ந்து எட்டு வாரம்தான் ஆகியிருந்தது. கொலை நடந்தது ஆகஸ்டில். சான்றிதழ்ப்படி பதினாறு தாண்டிவிட்டான். பெரியவர்களைப் போல விசாரித்து ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம். அட்டைப்படி பதினைந்து, சிறார் இல்லத்தில் மூன்று வருடத்துக்கு மேல் கிடையாது.

"எப்படிக்கா மாறுச்சு?" என்று அவன் அம்மாவிடம் கேட்டேன்.

"அஞ்சு வயசு ஆகலைன்னு ஒண்ணாப்புல சேக்க மாட்டேன்னாக. வீட்ல பாக்க ஆளில்ல. சார்தான் ஜூன்ல போட்டுக்கிறேன்னாரு. எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தானப்பா போடுறாக?"

போடுகிறார்கள்தான். என் வகுப்பில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள். நானும்தான்.

சீனியர் அசையவில்லை. "கோர்ட்டு மொதல்ல ஸ்கூல் சர்டிபிகேட்டத்தான் பாக்கும் மாப்ள. பிறப்புப் பதிவு இருக்கான்னு பாத்துட்டு வா, அப்புறம் குதி."

மறுநாளே கீழக்குயில்குடி கிராம நிர்வாக அலுவலகத்துக்கு பைக்கை விட்டேன். பதிவு இருந்தது. ஜனவரிதான். ஆனால் பெயர் எழுதாமல் 'ஆண் குழந்தை' என்று மட்டும். அது இவன்தான் என்பதற்கு என்ன சாட்சி என்று எதிர்த்தரப்பு கேட்கும்.

வெளியே வந்தால் என் பைக்கருகே செத்துப்போன பையனின் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"வயசக் கொறைக்க வந்தீகளாக்கும்?"

"கொறைக்கலண்ணே, உள்ளதத்தான்..."

"ஏழு மாசம் சின்னவன் குத்துனா எம்புள்ள ஏழு மாசம் கம்மியாவா செத்தான்?"

கல்லூரிப் பட்டிமன்றத்தில், கொலை செய்த சிறுவர்களைப் பெரியவர்களாகவே விசாரிக்க வேண்டும் என்று பேசிக் கைத்தட்டு வாங்கியவன் நான்.

அவரே மறுபடி பேசினார். "எம்புள்ளைக்கும் அதே வாத்தியார் ஜூன்லதான் போட்டாரு. போஸ்ட்மார்ட்டம் பேப்பர்ல பதினாறுன்னு எழுதிருக்கு. அவனுக்குப் பதினஞ்சுதான் தம்பி. அதத் திருத்தித் தருவீகளா?"

மூன்று வருடம் போதுமா? போதாது என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது. ஆனால் ஒருவன் எத்தனை வருடம் உள்ளே இருக்க வேண்டும் என்பதை, ஒன்றாம் வகுப்பு வாசலில் ஒரு வாத்தியார் இரக்கப்பட்டுப் போட்ட தேதி முடிவு செய்யக் கூடாது.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டை வரவழைக்க மனு எழுதிவிட்டேன். அது மட்டும் போதாது. அந்த வாத்தியாரின் வழக்கத்தைச் சொல்ல செத்தவனின் அப்பாவைவிட வலுவான சாட்சி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், தன் மகனைக் கொன்றவனுக்காகக் கூண்டில் ஏறி, தன் மகனின் உண்மையான வயதைச் சொல்வாரா என்று கேட்கப் போகிறேன்.