நிர்மலாவின் தலையசைப்பு

எண்பத்தேழில் இடஒதுக்கீட்டுக்காக மறியல் நடந்த வாரம், கள்ளக்குறிச்சி சாலை நெடுகப் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். காக்கை குறுக்கே பறக்க வேண்டுமென்றாலும் மறியல்காரர்களிடம் சொல்லிவிட்டுத்தான் பறக்கும். அந்த வாரம் பார்த்துத்தான் கரும்புத் தோட்டத்தில் சின்னதுரையைப் பாம்பு தீண்டியது. நாலு மைல் நடந்தால் பெரியாஸ்பத்திரி, மருந்து அங்கேதான்.

மகள் நிர்மலா பதினைந்து வயசுச் சாரணியர் படைக்காரி. அவள் கம்பத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டிய ஆட்டை விற்றபோது, அவிழ்க்க முடியாமல் கம்பத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டியதாயிற்று. அப்பாவைப் படுக்கவைத்தாள், கால் அசையாமல் கட்டினாள், இரண்டு மூங்கிலைச் சாக்குகளில் நுழைத்துத் தூக்குப்படுக்கை செய்தாள். நாலு பேர் தூக்கினார்கள். அத்தை ரங்கம்மாள் மாரில் அடித்துக்கொண்டு ஓலமிட்டாள்.

"அத்தே, கத்தாத. அப்பா பயந்தா வெசம் சீக்கிரம் ஏறும்."

"எங்கூடப் பொறந்தவன்டி!"

"எனக்கு மட்டும் இன்னா, பக்கத்து வூட்டுக்காரரா?"

சின்னதுரைகூடச் சிரித்தார். ரங்கம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

இரண்டு மரங்களைத் தாண்டினார்கள். மூன்றாவதில் கோடாலியோடு மாயவன் என்றொருவன் மறித்தான்.

"எங்கப்பாங்க. பாம்பு கடிச்சு ஒரு மணி நேரம் ஆவுது. வழி விடுங்க." வகுப்பில் ஒப்பிப்பது போலச் சொன்னாள் நிர்மலா.

"நேத்து ஒருத்தன் இப்பிடித்தான் பாடையில படுத்துக்கினு போனான். எலவனாசூர்கோட்டையில போய்த் தாலி கட்டிட்டானாம். அப்பனப் பாம்பு கடிச்சா பொண்ணு இம்மாந் தெளிவா பேசுமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கத்தட்டுமா என்று ரங்கம்மாள் கண்ணாலேயே கேட்டாள். வேண்டாமென்று நிர்மலா தலையசைத்தாள். மறுபடி முதலிலிருந்து விளக்கினாள், இன்னும் நிதானமாக. அவள் நிதானிக்க நிதானிக்க அவர்களின் சந்தேகம் வளர்ந்தது. அரை மணி நேரம் போனது.

சின்னதுரையின் இமைகள் தொங்கின. ஏதோ சொல்ல வந்தார், நாக்கு குழறியது. ரங்கம்மாள் முந்தானையைத் துப்பிவிட்டு வீறிட்டாள். கல்வராயன் மலையில் மேய்ந்த மாடெல்லாம் தலை நிமிர்ந்திருக்கும்.

"அய்யய்யோ, நெசமாவே கடிச்சிருக்கா!" மாயவன் கோடாலியைப் போட்டுவிட்டு மூங்கிலைத் தோளில் வாங்கினான். அதற்கப்புறம் ஒரு மரமும் தடையாக இல்லை. ஓலம் கேட்டு ஓடிவந்தவர்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கடத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரி இருக்கும் ஊரின் எல்லை தெரிந்த இடத்தில், மாயவன் தோளிலேயே சின்னதுரையின் மூச்சு நின்றுபோனது.

ஆபத்திலும் நிதானம் இழக்காதவள் என்று அச்சடித்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்.

"அந்த மரத்தாண்ட ஒரு தலையாட்டு ஆட்டினியே, அதையும் எழுதியிருக்காங்களா?" என்றாள் ரங்கம்மாள்.

"இல்ல அத்தே."

அப்போதும் நிர்மலாவுக்கு அழுகை வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று ஊர் சொன்னது. அவளும் மறுக்கவில்லை.

சில வருஷம் கழித்து உளுந்தூர்பேட்டையில் நெடுஞ்சாலையோரத்து வீட்டில் வாழ்க்கைப்பட்டாள். வெளியே லாரி மோதும் சத்தமும் ஜனங்களின் கூக்குரலும் கேட்டால், எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.