நான் வெள்ளையடித்த முகம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, காரிமங்கலம் பக்கம் ஒரு கிராமத்துப் பேருந்து நிழற்குடையில் நடந்தது இது. நான் பெயின்டர். வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பேன், சுவர் விளம்பரமும் எழுதுவேன்.

அந்த ஊரை ஒட்டியிருந்த பட்டாசுக் கொட்டகை வெடித்து ஆறு பெண்கள் இறந்துபோயிருந்தார்கள். தினமும் காலையில் அந்த நிழற்குடையில் நின்றுதான் வேலைக்கு வேன் ஏறுவார்களாம். ஓவியம் படித்த உள்ளூர்ப் பெண் ஒருத்தி, அந்தக் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு, உள்சுவரில் ஆறு பேரையும் ஆளுயரத்துக்கு வரைந்திருந்தாள். தோளில் பையோடு வேனுக்குக் காத்து நிற்பதுபோல. மேலே, ‘யார் பதில் சொல்வது?’ என்று ஒரே வரி.

அந்த வரிதான் உறுத்தியிருக்க வேண்டும். பெரிய அதிகாரி ஒருவர் அந்த வழியாக வருகிறார், சுவரை உடனே வெள்ளையடி என்று கான்ட்ராக்டர் என்னை அனுப்பினார். கொட்டகைக்காரர் ஜாமீனில் வந்து ஊருக்குள் புல்லட்டில் சுற்றிக்கொண்டிருந்தார். அவரை ஒன்றும் செய்ய முடியாதவர்களுக்குச் சுவர் மட்டும் அவசரமாம். இதெல்லாம் தெரிந்தும்தான் போனேன்.

ஓரத்தில் நின்ற பெண்ணின் முகத்தில் ரோலரை இழுத்து முடித்தபோது, பின்னால் ஒருவர் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும், வேலைக்குக் கிளம்பி வந்தவர். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன்.

“ரெண்டாவதா நிக்கறது எங்க வூட்டுக்காரிங்க. என் பஸ்சு இப்ப வந்துரும். நான் ஏறிப் போனதுக்கப்புறம் அவ மேல அடிங்க” என்றார்.

அவர் என்னை அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ரோலரை வாளியில் போட்டுவிட்டு, முடியாது என்று கான்ட்ராக்டருக்குப் போன் செய்தேன். அவர் கத்தினார். நானும் கத்தினேன். வேறு ஆளை அனுப்புகிறேன் என்றார். அவர் அனுப்பிய ஆள் வருவதற்குள் ஊர்ப் பெண்கள் சுவருக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள், நானும் அவர்களோடு உட்கார்ந்தேன். அதிகாரியின் கார் கண்ணாடியைக்கூட இறக்காமல் போய்விட்டது.

நான் அழித்த முகத்தை நானே வரைந்து தருகிறேன் என்றேன். முதலில் வரைந்த பெண் வெளியூர் போயிருந்தாள். குடும்பத்தார் கொடுத்த போட்டோவை வைத்துக்கொண்டு இரண்டு நாள் போராடினேன். எழுத்துக்குப் பழகிய கைக்குக் கண் வரைய வரவேயில்லை. அந்தப் பெண்ணின் மகள் வந்து வெகுநேரம் பார்த்தாள்.

“எங்கம்மா மாதிரி இல்லீங்க” என்றாள். பிறகு, “பரவால்ல, இருக்கட்டும்ங்க” என்றாள்.

மேலே இருந்து சொன்னதைத்தானே செய்தேன் என்று யார் சொன்னாலும் இப்போது எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வருகிறது. அதில் பாதி என் மேலேதான்.