எறும்பு மொய்த்த தேன்

பேச்சியம்மாவைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் எனக்கு அருவருப்பு வருகிறது. அவரால் அல்ல, எங்கள் ஊரால்.

மலையகத்திலிருந்து பெயர்ந்து வந்து கிளிநொச்சிக்குக் கிழக்கே குடியேறிய குடும்பம் அவருடையது. கச்சான் கடலை பிடுங்கினார், வயல் கூலிக்குப் போனார், கணவரையும் பறிகொடுத்தார். பிறகு ஒரு நிறுவனம் எங்கள் கிராமத்துக்குத் தேனீப் பெட்டிகள் கொடுத்தது. பலர் வீட்டில் தேனீ பறந்துபோனதும் பெட்டி அடுப்புக்குள் போனது. பேச்சியம்மா விடவில்லை. பெட்டிக் கால்களுக்குக் கீழே தேங்காய்ச் சிரட்டை வைத்துத் தண்ணீர் ஊற்றி, எறும்பு ஏறாமல் காத்தார். மாரியில் பூ இல்லாத நாட்களில் தேனீக்கள் பட்டினி கிடக்காமல் சீனியைக் கரைத்துச் சீனிப்பாணி வைப்பார். அந்த நாட்களில் தேன் எடுக்கவே மாட்டார். மகளின் படிப்பும் வீட்டு அடுப்பும் அந்தப் பெட்டிகளை நம்பித்தான் நடந்தன.

அடுத்த வளவில் இருக்கும் கிருபனுக்கும் பெட்டிகள் இருந்தன. அவன் வருடம் முழுக்கச் சீனிப்பாணி வைத்தான், வருடம் முழுக்கத் தேன் எடுத்தான். இரண்டு பேருடைய தேனும் ஊர்ச் சங்கத்தின் கடையில் பெயர் எழுதாத போத்தல்களில்தான் விற்பனையானது. ஒருநாள் வாங்கியவர் ஒருவர் போத்தலைத் திருப்பிக் கொண்டுவந்து, இது வெறும் சீனிப்பாணி என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

யாருடைய தேன் கள்ளத்தேன்? சங்கத் தலைவர் கணபதி கூட்டம் வைத்தார். அசல் தேனை எறும்பு தொடாது என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. அப்படியென்றால் பேச்சியம்மா ஏன் சிரட்டைக்குத் தண்ணீர் ஊற்றிச் சாகிறார் என்று ஒரு மண்டைக்கும் உறைக்கவில்லை. என் மண்டையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவரவர் வீட்டுப் பீங்கானில் தேனை ஊற்றி மாமரத்தடியில் வைத்தார்கள். தேநீர் குடித்து முடிப்பதற்குள் பேச்சியம்மாவின் பீங்கான் கறுத்துப் போயிற்று. கிருபனுடையதில் ஓர் எறும்புகூட இல்லை.

"இனி அவாவின்ர தேன் கடைக்கு வேண்டாம்," என்றார் கணபதி.

"அவா சீனி வாங்கிக்கொண்டு போறதை நானும் கண்டனான்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பேச்சியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். யாரும் கேட்கவில்லை.

கூட்டம் கலைந்தபின் பீங்கான்களை நான்தான் எடுத்தேன். கிருபனுடைய பீங்கானின் அடிப்பக்கம் மண்ணெண்ணெய் நாறியது. நேரே கணபதியிடம் கொண்டுபோனேன். அவர் மோந்து பார்த்தார்.

"விடும் தம்பி. இதைக் கிளறினா சங்கத்துக்குத்தான் மானக்கேடு."

சீ என்று போய்விட்டது. பீங்கானை அவர் முன்னாலேயே போட்டுவிட்டு வந்தேன்.

பேச்சியம்மா மறுபடி வயல் கூலிக்குப் போகத் தொடங்கினார். விற்காத தேன் குசினி அலுமாரியில் இருந்தது. பீங்கான் கதையைச் சொல்ல ஒரு பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். முழுவதையும் கேட்டார். அந்த நேரம் பார்த்துக் கிருபன் படலையைத் திறந்துகொண்டு வந்தான்.

"அக்கா, சின்னவளுக்கு ஒரே இருமல். கொஞ்சம் தேன் தாறியளே?"

"உன்ர வீட்டில போத்தல் போத்தலா இருக்குதே?"

"அது விக்கிறதுக்கு, அக்கா."

சொல்லும்போது அவன் தலைகூடக் குனியவில்லை. பேச்சியம்மா அலுமாரியிலிருந்து தேன் போத்தலை எடுத்தார்.

"பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா. என்ர கையால குடுக்கிறன். உன்ர கையில ஒரு சொட்டும் தரமாட்டன்."

தூக்கிக்கொண்டு வந்தான். நாலு வயதுப் பிள்ளை. பேச்சியம்மா கரண்டியில் தேன் எடுத்து, சிந்தாமல் பருக்கினார். பிள்ளை இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தது.

கிருபன் சிரித்துக்கொண்டே மகளின் கன்னத்தைத் தட்டினான்.

"நல்ல தேன், என்ன?"

எனக்கு அவன் முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. பேச்சியம்மா இரண்டாவது கரண்டியையும் பிள்ளைக்குக் கொடுத்தார்.